செயினின் வயது

சைக்கிள் செயினைத் துணியால் துடைத்து, விரல்களுக்கிடையே மெல்ல ஓடவிட்டுப் பாருங்கள். புதுச் செயின் வழுக்கிக்கொண்டு போகும். பழசில் எண்ணெயோடு குழைந்த மண் நறநறக்கும். செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் எஃகுத் தகடுகள் அப்படியேதான் இருக்கின்றன. கண்ணிகளைக் கோக்கும் பின்கள் தேய்ந்து, அந்தத் துளித்துளி இடைவெளிகள் சேர்ந்து நீளமாகின்றன. புதிதில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அதற்குமேல் 1/16 அங்குலம் கூடினால் மாற்றிவிட வேண்டும். அந்த மயிரிழையைப் பிடிக்க, இரும்பு அளவுகோலோடு கண்ணைச் சுருக்கிக் குனிகிற பொறுமை இருக்கிறதே, அது தனி அழகு.

வீட்டுக்குள், சைக்கிளை ஒரே இடத்தில் பூட்டி மிதிக்க உதவும் டிரெய்னரில் மிதிப்பவர்களின் தேய்மானக் கணக்கு இன்னும் சுவையானது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பூட்டும் வகை என்றால், மணிக்கணக்காக மிதித்தாலும் டயருக்கும் பிரேக் கட்டைக்கும் ஓய்வுதான். செயினுக்கும் பெடலுக்கும் விடுப்பு கிடையாது. அங்கே புழுதி இல்லை, மழை இல்லை. ஆனால் சொட்டும் வியர்வையின் உப்பு, கைப்பிடியில் சுற்றிய நாடாவுக்குள் இறங்கிச் சத்தமில்லாமல் உலோகத்தை அரிக்கும். அதனால் ஓடிய தூரத்தைக் குறித்துவைக்கும் நல்ல குறிப்பேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. தெருவில் ஓடிய கிலோமீட்டர் எல்லாப் பக்கங்களிலும் ஏறும். அறைக்குள் ஓடியது சிலவற்றில் மட்டும். இதற்குச் செயலிகளும் இருக்கின்றன; எனக்கென்னவோ கிரீஸ் கறைபட்ட நோட்டுதான் பிடிக்கிறது. எதில் எழுதினாலும் செயினை நேரத்தோடு மாற்றிவிடுங்கள். தேய்ந்த செயின் பற்சக்கரத்தையும் தின்றுவிடும். அதன் விலை பெரும்பாலும் செயினைவிட அதிகம்.