ஒன்பதாவது குற்றம்

கதை எழுதக் கற்பிக்கும் நூல்களை விரும்பி வாசிப்பவர்களில் பலர், அவற்றில் பெரும்பாலானவை கதையைத் தொடங்குவதற்கே கற்பிக்கின்றன என்பதை நெடுநாள் கவனிப்பதில்லை. முதல் வரியில் வாசகனைப் பிடித்து நிறுத்துவது, முதல் பக்கத்துக்குள் ஒரு சிக்கலை வைப்பது, முதல் அத்தியாயம் முடிவதற்குள் நாயகனின் வேட்கையைக் காட்டிவிடுவது என்று தொடக்கத்துக்கு அந்நூல்கள் காட்டும் பரிவு, நடுப்பகுதிக்கும் முடிவுக்கும் கிடைப்பதில்லை. இந்தப் பாரபட்சத்தால் விளையும் நோய்க்குத் தமிழில் எண்ணூறு ஆண்டுகளாகப் பெயர் இருக்கிறது. அப்பெயரைத் தந்ததோ கதைக்கலை நூலன்று, இலக்கண நூல். பவணந்தி முனிவரின் நன்னூல், எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கூறுவதற்கு முன்னால், பாயிரம் எனப்படும் முகவுரைப் பகுதியில், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்குகிறது. அவற்றுள் ஒன்பதாவது சென்றுதேய்ந்திறுதல். அதாவது, ஊக்கத்தோடு புறப்பட்ட சொல்லும் பொருளும் போகப்போக மெலிந்து, இறுதியில் இல்லாமலே போய்விடுவது.

இதனைப் பெங்களூரின் வைட்ஃபீல்டை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் 1882இல் ஆங்கிலோ இந்தியர்களுக்கு வழங்கிய நிலத்தில் ஒயிட் என்பவரின் பெயரால் உருவான அந்தச் சிற்றூர், 1990களின் இறுதியில் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, மென்பொருள் பணிக்கு வந்த தமிழர் பல்லாயிரவர் வாழும் பகுதியாயிற்று. தமிழ் அங்கே புதிதாக வந்திறங்கியதன்று. பக்கத்துக் காடுகோடியில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. பவணந்தியை நன்னூல் செய்யச் சொன்ன சீயகங்கன் என்னும் சிற்றரசனைக் கல்வெட்டுகள் குவளாலபுரத்துக்கு உரியவனாகக் குறிக்கின்றன. குவளாலபுரம் என்பது வைட்ஃபீல்டிலிருந்து கிழக்கே ஹொஸ்கோட்டே வழியாகச் சென்றால் வரும் இன்றைய கோலார். நூலை ஆக்கியது அங்கேதான் என்று கொள்வதற்கு இது போதாது என்றாலும், அதன் புரவலனின் குலம் தன் ஊராகச் சொல்லிக்கொண்ட இடம் இத்தனை அருகில் இருப்பதை வைட்ஃபீல்டில் கதை எழுத முயலும் தமிழர் அறிந்திருந்தால் நன்று.

அவர்களுடைய அலமாரிகளை நிறைப்பவை வேறு நூல்கள். ஃபார்ஸ்டர் 1927இல் நிகழ்த்திய உரைகளின் தொகுப்பில் தொடங்கி, ஜான் கார்ட்னர், ராபர்ட் மெக்கீ வழியாக, 2000இல் வெளிவந்த ஸ்டீபன் கிங்கின் நூல்வரை ஆங்கிலத்தில் கிடைக்காதது இல்லை. இவற்றுள் மெக்கீயின் நூலுக்குப் பொறியாளர்களிடையே தனி மதிப்பு உண்டு, கதையை அங்கம் அங்கமாகப் பிரித்து, எது எங்கே திரும்ப வேண்டும் என்று அது வரைபடம்போலக் காட்டிவிடுவதால். தமிழிலும் இவ்வகை நூல்களுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய சுஜாதா திரைக்கதை எழுதக் கற்பித்தார். குமுதத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த ரா.கி. ரங்கராஜன் அஞ்சல் வழியாக நடத்திய பாடங்கள் 'எப்படிக் கதை எழுதுவது?' என்ற நூலாயின. ஜெயமோகன் 1992இல் எழுதிய 'நாவல்', செய்முறை சொல்லாமல் வடிவத்தைப் பற்றி வாதிட்டது. ரங்கராஜனின் நூல் இன்றைய பயிற்சி நூல்கள் பலவற்றைவிட நேர்மையானது. பத்திரிகைக் கதை எழுதுவது ஒரு தொழில் என்றும், அதைத் தொழிலாகவே கற்கலாம் என்றும் அது மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. ஆயினும், ஒரே ஒரு நூற்பாவில் பத்துக் குற்றங்களையும் சொல்லி முடித்துவிடும் பவணந்தியின் சிக்கனத்துக்கு இவற்றில் எதுவும் ஈடாகாது.

ஒன்பதாம் குற்றத்தின் அருமை, அதனோடு குழப்பிக்கொள்ளத்தக்க பிற குற்றங்களிலிருந்து அது விலகி நிற்பதில் இருக்கிறது. வேண்டியதைச் சொல்லாமல் விடுவது குன்றக்கூறல்; பொருளாழமின்றிச் சொற்களை வெறுமனே தொடுத்துச் செல்வது வெற்றெனத் தொடுத்தல்; சொற்கள் இருந்தும் பயன்படாமல் நிற்பது நின்று பயனின்மை. இவை ஒரு பக்கத்தைப் பார்த்த அளவிலேயே தெரியக்கூடியவை. சென்றுதேய்ந்திறுதலோ எந்த ஒரு பக்கத்திலும் அகப்படாது. நாற்பதாம் பக்கத்தை முன்னூறாம் பக்கத்தோடு ஒப்பிட்டால்தான் வெளிப்படும். முன்னூறு பக்கம் ஓடிய நாவலில், முதல் அத்தியாயத்தில் பெயரும் நடையும் பேச்சும் கொடுத்து நிறுத்தப்பட்ட தாய் கடைசி அத்தியாயத்தில் வெறும் 'அம்மா அழுதாள்' என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கியிருப்பாள். அவ்விரண்டு சொற்களில் பிழை எதுவும் இல்லை. அவள் அங்கே இல்லை என்பதுதான் பிழை.

இக்குற்றம் இன்று பெருகியிருப்பதற்கு எழுதும் கருவியும் ஒரு காரணம். கணினியில் கோப்பைத் திறந்தால் முதற்பக்கமே முன்னால் வந்து நிற்கிறது. அலுவலகப் பேருந்தில் கிடைக்கும் அரைமணி நேரத்தில் எழுத உட்காருபவர், விட்ட இடத்தைப் பிடிப்பதற்காக மேலிருந்து படிக்கத் தொடங்கி, படிக்கும்போதே திருத்தி, இறங்கும் இடம் வரும்வரை முதல் அத்தியாயத்தையே மெருகேற்றிவிடுகிறார். இவ்வாறு தொடக்கம் பலமுறை திருத்தம் பெற, முடிவு ஒருமுறை எழுதப்பட்டதோடு நின்றுவிடுகிறது. முதல் சில அத்தியாயங்களை மட்டும் அனுப்பச் சொல்லும் பதிப்பகங்களும், முதல் வரியைப் பற்றியே பயிற்றுவிக்கும் நூல்களும் இந்தப் பழக்கத்துக்கு உரமிடுகின்றன. நடுப்பகுதி தொய்வதைப் பற்றி ஆங்கில நூல்களும் எச்சரிக்கின்றன என்பது மெய்யே. ஆனால் அவை சொல்லும் மருந்து, அங்கே ஒரு திருப்பத்தை வைப்பது. மெலிந்துபோன பாத்திரம் திருப்பத்தால் தேறுவதில்லை. மெலிவை வாசகன் பார்க்காதபடி அது சற்று நேரம் மறைக்கிறது, அவ்வளவுதான்.

இலக்கண நூலுக்கு வகுத்த விதியைப் புனைகதையின்மேல் ஏற்றுவது பொருந்தாது என்ற மறுப்பு எழக்கூடும். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. எட்டாவது குற்றமான மற்றொன்று விரித்தல், அதாவது சொல்ல எடுத்ததை விட்டு வேறொன்றைப் பெருக்கிச் சொல்வது, கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' போன்ற படைப்பில் குற்றமாவதில்லை. கிளைக்கதைகளை வெட்டிவிட்டால் அந்நாவலில் ஊரே எஞ்சாது. நாவலுக்கு விரிவே உயிர் என்று வாதிடும் ஜெயமோகனின் கட்சியும் எட்டாவது குற்றத்தைத் தள்ளுபடி செய்துவிடும். அது தள்ளுபடியாவதில் இழப்பொன்றும் இல்லை. ஆனால் எட்டாவதை மீறி வென்ற நாவல்கள் உண்டு என்பதால் ஒன்பதாவதையும் மீறி வெல்லலாம் என்று ஆகிவிடாது. கிளை பல விட்டும் மெலியாமல் ஓடுவதனால்தான் 'கோபல்ல கிராமம்' நிற்கிறது.

பாயிரம் குற்றங்களோடு நிற்காமல் முப்பத்திரண்டு உத்திகளையும் சொல்கிறது. அவற்றின் வரிசையில் கடைசியாக வருவது உய்த்துணர வைப்பு. எழுதியவன் வெளிப்படச் சொல்லாததை, சொன்னவற்றைக் கொண்டு படிப்பவனே ஊகித்தறியும்படி விடுவது. சொல்லாதே, காட்டு என்று பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் ஓதப்படும் பாடத்தைவிட இது நுட்பமானது, ஏனெனில் காட்டுவதையும் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்கிறது இது. அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையில், சினிமா நிறுவனத்தின் அறைக்குள் அனைவரும் திகைக்கும்படி புலியாக மாறிக் காட்டிய காதர், மறுகணமே வேலை கேட்டு வந்த ஏழையாகி நிற்கிறான். கலைக்கும் பிழைப்புக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றிக் கதைசொல்லி பிரசங்கம் செய்வதில்லை, அவ்வேலை வாசகனுடையது.

இத்தகைய நூற்பாக்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்பட்டு, தேர்வோடு மறக்கப்பட்டன என்பது பழைய குறை. மயிலைநாதர் தொடங்கிச் சிவஞான முனிவர், ஆறுமுக நாவலர்வரை உரைகாரர் பலர் நன்னூலுக்கு உழைத்திருக்க, அவ்வுரைகளை மொழியாசிரியர்கள் படிக்கிறார்கள், கதையாசிரியர்கள் படிப்பதில்லை. புதிய குறை இன்னும் வருந்தத்தக்கது. பெருகிவரும் பதிப்பகங்கள் பலவற்றில் மெய்ப்புத் திருத்துபவர் இருக்கிறார், ஒற்றுப்பிழையும் பார்க்கப்படுகிறது; ஆனால் முன்னூறாம் பக்கத்தில் அந்தத் தாய் எங்கே போனாள் என்று கேட்கும் செம்மையாசிரியர் இல்லை. குற்றத்துக்குப் பெயர் தெரிந்த ஒருவர் அவ்விடத்தில் இருந்திருந்தால், அண்மைக்காலத்துப் பருமனான நாவல்கள் சில பாதி அளவில் வெளிவந்து முழு நாவல்களாக இருந்திருக்கும்.

நூலால் எவ்வளவு கற்க முடியும் என்ற கேள்விக்கும் பாயிரத்தில் அளவு கிடைக்கிறது. ஆசிரியர் உரைத்ததை ஒருவன் முழுமையாகவே உள்வாங்கினாலும் கிட்டுவது கால்பங்குப் புலமை. உடன் கற்போரோடு பழகுவதால் இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வருகிறது. உயிருள்ள ஆசிரியருக்கே கால்பங்கு என்றால் அச்சிட்ட பயிற்சி நூலின் பங்கு அதனினும் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே வைட்ஃபீல்டில் ஒரே அடுக்ககத்தில் குடியிருந்து தனித்தனியே மெக்கீயைப் படிப்பவர்கள் வாரம் ஒருமுறை கூடி, ஒருவர் கையெழுத்துப் படியை மற்றவர் படிப்பது அடுத்த பயிற்சி நூலை வாங்குவதைவிடப் பயன் தரும். அப்போது வழக்கம்போல முதல் அத்தியாயத்தைக் கேட்டு வாங்காமல், கடைசி முப்பது பக்கங்களை முதலில் கேட்டு வாங்குவது நல்லது.