சந்தேகத்தைப் பரீட்சை மண்டபத்திலேயே தீர்க்க வேண்டும்

இலங்கையில் 2023ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் 2024 மே 31 அன்று வெளியாகின. திருகோணமலை ஸாஹிரா கல்லூரி மாணவிகள் 70 பேருக்கு மட்டும் அன்று பெறுபேறு கிடைக்கவில்லை. ஜனவரியில் நடந்த பரீட்சையில் அவர்கள் காதுகள் தெரியாதபடி தலையை மூடியிருந்தார்கள், உள்ளே புளூடூத் கருவி இருந்திருக்கலாம் என்ற சந்தேகமே காரணமாகச் சொல்லப்பட்டது. விடயம் நாடாளுமன்றம் வரை போனது. பின்னர் பெறுபேறுகள் வெளியிடப்பட்டன. ஆனால் பரீட்சை மோசடியை அரசு கையாளும் முறையில் எது உறுதியானது, எது பழுதானது என்பதை எடைபோட இந்த ஒரு சம்பவமே போதும்.

முதலில் உறுதியான பக்கம். 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் ஆள்மாறாட்டம், வினாத்தாளை முன்கூட்டியே வெளியிடுதல் போன்றவற்றைக் குற்றங்களாக்கியிருக்கிறது. விடைத்தாளில் பெயர் இல்லை, சுட்டெண் மட்டுமே. திருத்துபவருக்கு அது மூதூர்ப் பிள்ளையுடையதா கொழும்புப் பிள்ளையுடையதா என்று தெரியாது. பரீட்சை நெருங்கியதும் ரியூசன் வகுப்புகளும் மாதிரி வினா விநியோகமும் தடைசெய்யப்படுகின்றன. முறைப்பாடு சொல்ல 1911 என்ற இலக்கம் இருக்கிறது. செல்வமும் செல்வாக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகம் போக இந்நாட்டில் இருக்கும் நேர்வழி இந்தப் பரீட்சைதான். அதைக் காவல் செய்யக் கடுமை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

அதே உயர்தரப் பரீட்சையில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் முன்கூட்டியே வெளியானபோது பரீட்சைத் திணைக்களம் தயங்கவில்லை. ஜனவரி 10 அன்று நடந்த பரீட்சையை இரத்துச் செய்தது. பெப்ரவரி 1 அன்று மீண்டும் நடத்தியது. குற்றப் புலனாய்வு வினாத்தாளைக் கசியவிட்டவர்களை நோக்கிப் போனது. பிள்ளைகள் இரண்டாம் முறை எழுத வேண்டியிருந்தது உண்மைதான். ஆயினும் அந்தச் சுமை எல்லோருக்கும் சமமாக இருந்தது, மூன்று வாரங்களில் முடிந்தும் போனது.

திருகோணமலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. காது தெரிய வேண்டும் என்பது விதியானால், அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் மண்டப வாசல். நேரம் காலை, முதல் வினாத்தாள் கொடுப்பதற்கு முன். பெண் உத்தியோகத்தர் ஒருவர் தனியறையில் பார்த்தால் ஒரு மாணவிக்கு ஒரு நிமிடம் கூடப் பிடிக்காது. அதைச் செய்யாமல் எழுத விட்டு, மாதங்கள் கழித்துப் பெறுபேற்றை நிறுத்தினால், மண்டபத்தில் செய்யத் தவறிய சோதனைக்கான விலையை மாணவி கொடுக்கிறாள். அவளால் அதை மறுக்கவும் முடியாது. ஜனவரியில் காதில் ஒன்றும் இருக்கவில்லை என்பதை ஜூன் மாதத்தில் எப்படி நிரூபிப்பது?

இரண்டாவது பழுது, 70 பேரை ஒரே குற்றச்சாட்டில் கட்டியது. மோசடி தனி ஒருவர் செய்யும் செயல். யார், எந்தப் பாடத்தில், எப்படி என்று பதிவு இருந்தால்தான் அது விசாரணை. உடையை வைத்து ஒரு பாடசாலையின் மாணவிகளை மொத்தமாக நிறுத்துவது, அந்தச் சமூகத்தையே கூண்டில் ஏற்றியதாகத்தான் ஊரில் விளங்கிக்கொள்ளப்படும். மூன்று இனத்தவரும் அருகருகே வாழும் திருகோணமலையில் அதன் விளைவு பாடசாலை மதிலோடு நிற்காது.

இந்த நாடு அந்தத் தவறை முன்பும் செய்திருக்கிறது. 1970இல் தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவர்களுக்குப் புள்ளிகளை அள்ளிக் கொடுத்தார்கள் என்ற பேச்சுக் கிளம்பியது. அது நிரூபிக்கப்படவில்லை. என்றாலும் அடுத்த ஆண்டு மருத்துவ பீட அனுமதிக்குத் தமிழ் மொழிமூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்கள மொழிமூல மாணவர் 229 புள்ளிகளும் பெற வேண்டியதாயிற்று. மொழிவாரியாகப் புள்ளியை வேறுபடுத்திய அந்தத் தரப்படுத்தலின் காயம் எவ்வளவு தூரம் போனது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. நிரூபிக்காத சந்தேகத்தை நிர்வாக முடிவாக மாற்றுவதன் ஆபத்தை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

தாமதத்துக்கும் விலை உண்டு. உயர்தரம் மூன்று தடவைதான் எழுதலாம். அடுத்த பரீட்சை அதே 2024 நவம்பரில் வந்தது. மீண்டும் எழுதுவதா, கிடைத்த புள்ளியோடு விண்ணப்பிப்பதா என்பதைப் பெறுபேறு கையில் இல்லாத மாணவி எப்படி முடிவு செய்வாள்? திருகோணமலை, பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டமாக அரசே ஏற்றுக்கொண்ட மாவட்டம். ஒரு கையால் ஒதுக்கீடு கொடுத்து மறு கையால் காலத்தைப் பறிப்பது முரண்.

திணைக்களத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. காதுக்குள் மறையும் கருவிகள் இன்று மலிவு. அவற்றைக் கவனிக்காமல் விட்டால் நேர்மையாகப் படித்த பிள்ளைதான் தோற்கும். ஆனால் அதற்கான வழி ஏற்கெனவே கண்டறியப்பட்டதுதான். கேரள உயர் நீதிமன்றம் 2016இல் இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு ஹிஜாப் அணிய அனுமதித்து, அரை மணி நேரம் முன்னதாக வந்து சோதனைக்கு உட்பட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பாதுகாப்பும் நம்பிக்கையும் அதில் ஒருங்கே காக்கப்பட்டன. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த, தேர்வு மோசடியைத் தடுக்கும் இந்தியச் சட்டமும் தண்டனையை மாணவர் மீது சுமத்தவில்லை. கசியவிடும் கும்பல்களையும் துணைபோகும் அதிகாரிகளையும் குறிவைத்தது.

இங்கே செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. உடை பற்றிய விதியை அனுமதி அட்டையிலேயே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வேண்டும். பெண் பிள்ளைகள் எழுதும் ஒவ்வொரு மண்டபத்துக்கும் சோதனைக்குப் பெண் உத்தியோகத்தர் வேண்டும். சந்தேகம் எழுந்தால் அன்றே, பெயர் குறித்து, மாணவியின் விளக்கத்தோடு மேற்பார்வையாளர் பதிய வேண்டும். அப்படிப் பதிவு இல்லாவிட்டால் பெறுபேற்றை நிறுத்தும் அதிகாரமும் இருக்கக் கூடாது. தவறு செய்தவரைக் கண்டுபிடிக்கும் கடுமையே பரீட்சையைக் காக்கும். கண்டுபிடிக்க முடியாதபோது எல்லோரையும் தடுத்துவைக்கும் கடுமை, பரீட்சை மீதான நம்பிக்கையையே அரிக்கும்.