விசுவாசமும் வெறும் வயிறும்: ‘கருக்கு’, ‘சிலுவைராஜ் சரித்திரம்’ – ஒரு வாசிப்பு

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் ஒரு விடுமுறைக்கு ‘கருக்கு’ புத்தகத்தை ஊருக்கு எடுத்துப் போனேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. களையெடுத்துட்டு வந்து திண்ணையில காலை நீட்டி உக்காந்திருந்துச்சு. நான் வாசிக்க வாசிக்கச் சிரிச்சுச்சு. பாட்டி மிச்சச் சோறு வாங்குற இடத்துல சிரிப்பு நின்னுபோச்சு. பாமா மடத்தை விட்டு வெளியேறும் பகுதியை முடித்துவிட்டு, ஒரு விடுதலையையே வாசித்துக் காட்டிய பெருமிதத்தோடு நிமிர்ந்தேன். அம்மா கேட்டுச்சு: “வெளிய வந்துருச்சு, சரி. சோத்துக்கு என்ன செஞ்சுச்சு?”

எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் இந்தப் பிரதியைப் பற்றி எவ்வளவோ பேசியிருந்தோம். தன்வரலாறா நாவலா என்றோம், பேச்சுமொழி என்றோம், பெண் எழுத்து என்றோம். சோற்றைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், ‘கருக்கு’ பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அம்மாவின் கேள்விதான் உருப்படியானது என்று படுகிறது. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி வாசிக்கிறேன்.

1992இல் மதுரை சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் வெளியிட்ட நூல் ‘கருக்கு’. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று ஆசிரியை வேலையை உதறிவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்த ஒரு தலித் பெண், ஏழு ஆண்டுகளில் வெளியே வந்து எழுதியது. கருக்கு என்றால் நமக்குப் பனங்கருக்கு, ரெண்டு பக்கமும் அறுக்கும். பழைய தமிழ் பைபிளில் கடவுளின் வார்த்தையை ஒரு பட்டயத்தோடு ஒப்பிடும் இடத்திலும் இதே சொல்தான் வருகிறது. ஆக, தலைப்பிலேயே வேதத்தை விட்டுக்கொடுக்காத புத்தகம் இது. விசுவாசத்தை இழந்தவரின் கதையாக இதை வாசிப்பது பிசகு.

பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை செய்கிறார். வீட்டம்மா உசரத்திலிருந்து தண்ணீர் ஊற்ற, பாட்டி கையைக் குவித்துக் குடிக்கிறார். மிச்சச் சோறும் குழம்பும் படாமல் தொடாமல் வந்து விழுகிறது. இது ஏன் என்று பேத்தி கேட்டால், அவர்கள் இல்லாமல் நம்ம பிழைப்பு எப்படி ஓடும் என்கிறார். அவர்கள் மகராசர்களாம். இதை அடிமைப்புத்தி என்று சொல்லி நாம் நகர்ந்துவிடலாம். நான் நகரமாட்டேன். பசி தனக்கென்று ஒரு வேதத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அதில் படியளக்கிறவனே கடவுள்.

மடத்துக்குள் போனால் வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஏழ்மையைக் கண்ணால் காணாமலே வாழ முடிகிறது. பள்ளிக்கூடம் வசதிக்காரப் பிள்ளைகளுக்கு, இளப்பமான பேச்சு நம்ம பிள்ளைகளுக்கு. கேட்டால் கீழ்ப்படிதல் என்ற இன்னொரு வார்த்தைப்பாடு குறுக்கே வந்து நிற்கிறது. நாயக்கர் வீட்டுச் சட்டமும் மடத்துச் சட்டமும் ஒன்றுதான்: தின்னு, பேசாதே. பாமா பேசினார், சோற்றை இழந்தார். விட்டுப்போன வேலை திரும்பக் கிடைக்குமா, எப்படிப் பிழைப்பது என்ற தவிப்பில்தான் புத்தகம் முடிகிறது. அம்மாவின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. இல்லாத பதிலை இருப்பதாகக் காட்டி அவர் நம்மைத் தேற்றவும் இல்லை.

இங்கே என் வீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். அப்பா செத்தபோது எங்க வீட்டுக் கோயில் வரி மூணு வருஷம் பாக்கி. பாக்கியைக் கட்டினால்தான் துக்கமணி அடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா தோட்டை அடகு வைத்துக் கட்டியது. மணி அடித்தது. அடுத்த ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் யோபுவின் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார்.

யோபுவின் கதையை முழுசாக வாசித்தவர்களுக்குத் தெரியும். அந்த மனுசன் பொறுமையாகவா இருக்கிறார்? பிறந்த நாளைச் சபிக்கிறார், கடவுளை வழக்குக்குக் கூப்பிடுகிறார். பொறுத்துக்கொள், உன் பாவம்தான் காரணம் என்று உபதேசம் செய்வது தேற்ற வந்த நண்பர்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வதும் அந்த நண்பர்களைத்தான். நம்ம தெருவுக்கு வந்த பிரசங்கங்களில் பெரும்பகுதி யோபுவின் பேச்சு இல்லை, நண்பர்களின் பேச்சு. இயேசு கற்றுக்கொடுத்த செபத்தையும் பாருங்கள். அன்றைய சாப்பாட்டைக் கேட்ட பிறகுதான் பாவமன்னிப்பைக் கேட்கச் சொல்கிறார். வயிறு முதலில், பாவம் அப்புறம். வயிறு நிறைஞ்சவங்க இந்த வரிசையை மாத்தி, சாப்பாடு என்றால் ஆன்ம உணவு என்று அர்த்தம் சொல்லிவிட்டார்கள்.

‘கருக்கு’ மேல் எனக்கு ஒரு குறை உண்டு. சிஸ்டர்மார் காட்டிய பேய்க்கும் பாவக்கணக்குக்கும் பயந்த பிள்ளையின் பக்தியை அது நன்றாக எழுதுகிறது. மடத்தின் போலிப் பக்தியைக் கிழிக்கிறது. ஆனால் பாட்டியின் பசியை எழுதிய அளவுக்குப் பாட்டியின் செபத்தை எழுதவில்லை. வரி கட்டித் தோட்டை இழந்த அம்மா மறுவாரமும் கோயிலுக்குப் போனது. ஏன் போற என்று கத்தினேன். “சாமியார் மேலதானடா கோவம், சாமி மேல என்ன கோவம்?” என்றது. இது ஏமாளித்தனமா, கலகமா? இந்த இடத்துக்குள் போக நம்ம எழுத்து இன்னும் தயங்குகிறது.

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் 2002இல் எழுதிய தன்வரலாற்று நாவல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’. அவர் 2024இல் மறைந்தார். தன்னையே கேலி செய்துகொண்டு நகரும் அந்தக் கதையில் சிலுவைராஜ் படிக்கிறான், வேலை கிடைக்கவில்லை, கடைசியில் வேலைக்காக இந்துவாக மாறுகிறான். தங்கை வேதத்தைக் காப்பாற்றிக்கொண்டு சோற்றை விட்டார் என்றால், சிலுவைராஜ் சோற்றுக்காக வேதத்தை விடுகிறான். ஒரே வீட்டிலிருந்து வந்த ரெண்டு புத்தகங்கள் இப்படி எதிரெதிராக நிற்கக் காரணம் ஆளின் குணம் மட்டும் இல்லை.

காரணம் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித் வெளியிலேயே நின்றார். தமிழ்நாட்டில் அவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், இந்துத் தொழிலாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் இல்லையா என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். கோயிலுக்குள்ளும் கல்லறைக்குள்ளும் சாதி இருக்கிறதா என்று எங்க தெருவில் ஒரு பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியலையும் பிரிக்கச் சொன்னது. 2024 நவம்பரில், திருமுழுக்குப் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்ட வழக்கில், நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மதம் மாறுவது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம்.

ஆக, வயிறு ஒரு பக்கம், விசுவாசம் ஒரு பக்கம் என்று பிரித்தது யார்? கோயில் பொறுமையைச் சொல்லிப் பிரித்தது. அரசு சான்றிதழைக் காட்டிப் பிரித்தது. ரெண்டுக்கும் நடுவில் பிளந்து நிற்கிறவனைப் பார்த்து ‘சோத்துக்கு மாறியவன்’ என்கிறார்கள். ஆமாம், சோத்துக்குத்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சோறு கேட்கச் சொல்லிக்கொடுத்த ஒருத்தரைத்தானே நாம் கும்பிட்டோம்.

போன மாசம் அம்மாவிடம் சிலுவைராஜ் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துச்சு. அப்புறம், “வேல கெடச்சுச்சா?” என்றது. விசுவாசத்தைப் பற்றி எழுதப்போகிற தோழர்கள் முதலில் இந்த ரெண்டு கேள்விகளுக்கும் பதில் தேடட்டும்.