‘பரவாயில்லை’ என்பது ஒரு மதிப்பெண்ணா?

நேர்காணல் முடிந்து, வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார். உள்ளே இருக்கும் மூவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். “எப்படி சார்?” “பையன் பரவாயில்லை.” “கொஞ்சம் பதறுறான்.” “சரி, அடுத்த ஆளைக் கூப்பிடுங்க.” ஒரு குடும்பத்தின் வருமானம் இந்த நான்கு வாக்கியங்களில் முடிவாகிவிடுவதுண்டு. பன்னிரண்டாவது ஆளும் போன பிறகு, காலையில் சொன்ன ‘பரவாயில்லை’யும் மாலையில் சொன்ன ‘பரவாயில்லை’யும் ஒன்றுதானா என்று மூவருக்கும் தெரியாது.

இந்த மறதிக்கு மருந்தாகத்தான் கருவிகள் வருகின்றன. எக்செல் அட்டவணை, சோகோ ரெக்ரூட் போன்ற ஆள்சேர்ப்பு மென்பொருள், ஜூம் ஒளிப்பதிவு, பேச்சை எழுத்தாக்கும் செயலி, தானே மதிப்பெண் போடும் செயற்கை நுண்ணறிவு என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் சில பதிவு செய்பவை, சில மதிப்பிடுபவை. வாங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

மதிப்பீட்டுக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை என்பதற்கு நல்ல சான்று உண்டு. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், 1950-களின் நடுவில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது, இஸ்ரேல் ராணுவத்துக்காக நேர்காணல் முறை ஒன்றை வகுத்தார். ஆறு பண்புகள், ஒவ்வொன்றுக்கும் வந்தவரின் கடந்த வாழ்க்கை பற்றிய நேரடிக் கேள்விகள், ஒரு பண்புக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். தங்களை இயந்திரமாக்குவதாக நேர்காணல் செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, ஆறும் முடிந்தபின் கண்ணை மூடி, அந்த ஆளைப் படைவீரராக நினைத்துப் பார்த்து இன்னொரு மதிப்பெண் போடச் சொன்னார். வந்தவர் படையில் பின்னாளில் எப்படிச் செயல்படுவார் என்பதை, ஆறின் கூட்டுத்தொகை ராணுவத்தின் பழைய நேர்காணல் முறையைவிட நன்றாகக் கணித்தது. வியப்பு என்னவென்றால், கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதே அளவு கணித்தது. ஆக, உள்ளுணர்வு பொய்யல்ல. அதை முதலில் பேசவிடுவதுதான் தவறு.

பிந்தைய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கும் பின்னாளைய வேலைத் திறனுக்கும் உள்ள ஒட்டுறவு 0.42, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.19. பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் கணித்த அளவு இது. முழுப் பொருத்தம் என்றால் 1. முறையான நேர்காணலே பாதி தூரத்தைக்கூட எட்டவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

அட்டவணைக்கும் அழுக்குப் படியும். ‘கம்யூனிகேஷன்’ என்ற கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தைத் தெளிவாக விளக்குகிறாரா என்று பார்க்க வைத்த கட்டம் அது. நடைமுறையில் ஆங்கில உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் இடமாகிவிடுகிறது. தமிழ் வழியில் படித்து வந்தவர் அதில் 2 வாங்குகிறார். ‘பேச்சு வரலை’ என்று வாயால் சொன்னபோது அது ஒருவருடைய அபிப்பிராயம். கட்டத்துக்குள் 2 என்று விழுந்ததும் அது சான்று போல் நிற்கிறது. முடிவைப் பேசித் தீர்த்துவிட்டு அதற்கேற்பக் கட்டங்களை நிரப்புவதும் நடக்கிறது. அப்போது அட்டவணை சாட்சி அல்ல, ஜோடனை.

ஒளிப்பதிவின் பலம் வேறு: வராத உறுப்பினர் பிறகு பார்க்கலாம், கேட்டவர் ஒழுங்காகக் கேட்டாரா என்றும் சரிபார்க்கலாம். ஆனால் பன்னிரண்டு பேர், ஆளுக்கு நாற்பது நிமிடம் என்றால் எட்டு மணி நேரம். யார் உட்கார்ந்து பார்ப்பது? பேச்சை எழுத்தாக்கும் செயலியோ, தமிழும் ஆங்கிலமும் கலந்து ஓடும் நம் பேச்சில் தடுமாறுகிறது. கேமரா இருப்பது தெரிந்தால் வந்தவர் மனப்பாடத்தை ஒப்பிக்கிறார். தேர்வாகாதவரின் முகமும் குரலும் எத்தனை நாள் அந்தக் கணினியில் கிடக்கும் என்ற கேள்வியும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், செயற்கை நுண்ணறிவு அலசும் நேர்காணல் காணொளிக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். விண்ணப்பதாரர் கேட்டால் 30 நாளில் அழிக்க வேண்டும். 2020 முதல் அங்கே அது சட்டம்.

இயந்திரமே மதிப்பெண் போட்டால் பாரபட்சம் ஒழியும் என்பது விற்பவர்களின் வாதம். ஆனால் பழைய விண்ணப்பங்களைப் படித்துப் பழகிய அமேசானின் சோதனைக் கருவி, பெண்களைக் குறிக்கும் சொல் இருந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. நிறுவனம் அதைக் கைவிட்டதை ராய்ட்டர்ஸ் 2018-இல் வெளிக்கொணர்ந்தது. காணொளி நேர்காணலில் பெயர்பெற்ற ஹயர்வியூ, முகத்தை அலசி மதிப்பிடுவதை நிறுத்திவிட்டதாக 2021-இல் அறிவித்தது. பழைய முடிவுகளைப் பாடமாகப் படிக்கும் இயந்திரம் பழைய பாரபட்சத்தையும் சேர்த்தே படிக்கிறது.

அப்படியானால் நேர்காணலையே எடுத்துவிடலாமா? கீழ்நிலைப் பணிகளுக்கு இந்திய அரசு 2016 ஜனவரி முதல் அதைத்தான் செய்தது. சிபாரிசுக்கு அது ஒரு தடை. ஆனால் நோயாளியிடம் பேச வேண்டிய செவிலியரை எழுத்துத் தேர்வு மட்டும் வைத்து எடுக்க முடியாது.

ஆகவே செலவின் வரிசையைத் திருப்பிப் போடலாம். முதல் செலவு பணமல்ல, நேரம்: வேலைக்கு உண்மையில் எது தேவை என்று மூவரும் முன்கூட்டி உட்கார்ந்து எழுதும் ஒரு மணி நேரம். தனித்தனியே மதிப்பெண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதிய பிறகே வாய் திறக்க வேண்டும். மென்பொருள் அதற்கப்புறம் வரட்டும். அதை வாங்குமுன் ஒன்றைச் சோதித்தால் போதும்: தேர்வாகாதவர் வந்து “ஏன் சார் என்னை எடுக்கலை?” என்று கேட்டால், அந்தக் கருவியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே படித்துக் காட்ட முடியுமா? முடியாதென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதில் பதிந்திருப்பது அதே ‘பரவாயில்லை’தான்.