நரம்பு என்றால் எந்த நரம்பு?

அறிவியல் தமிழ் வரலாற்றில் நெல்லைக்குத் தனியிடம் உண்டு. திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு பணியாற்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. அதற்கும் முன்பே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மருத்துவர் சாமுவேல் கிறீன், 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்று நூலைத் தந்தார். இத்தகைய முன்னோடிகள் இருந்தும், நரம்புகளுக்கும் புலனுறுப்புகளுக்கும் நாம் வழங்கும் சொற்கள் நோயாளிக்கு விளங்குகின்றனவா?

‘நரம்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். “நரம்புல ஊசி போட்டாங்க” என்கிறோம். ஊசி ஏறியது சிரையில். “நரம்பு இழுத்துக்கிட்டு” என்றால் பெரும்பாலும் தசையோ தசைநாணோதான். பாடநூலோ, மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கடத்தும் இழையை மட்டுமே நரம்பு என்கிறது. சர்க்கரை நோயால் பாத நரம்புகள் கெட்டால் உணர்ச்சி மங்கும். முள் தைத்தாலும் தெரியாது. கவனிக்காத புண்ணால் காலையே இழக்க நேரலாம். “நரம்பு கெட்டிருக்கிறது” என்று கேட்டவர், சுளுக்கு என்றெண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆவது? ‘உணர்ச்சி நரம்பு’ என்று ஓர் அடைமொழி சேர்த்தாலே பாதி ஐயம் தீரும்.

கண்ணுக்கு வருவோம். கார்னியாவைச் சில நூல்கள் ‘விழிவெண்படலம்’ என்கின்றன. அது வெண்மையானதன்று, ஒளி ஊடுருவுவது. கேட்பவர் கண்ணின் வெள்ளைப் பகுதியையே நினைப்பார். ‘கருவிழி’ என்பாரும் உளர். அக்கருமையோ படலத்துக்குப் பின்னால் தெரிவது. கண்தானத்தில் பிறருக்குப் பொருத்தப்படுவது பெரும்பாலும் இப்படலமே, முழுக் கண்ணன்று. இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். துக்க வீட்டில் அவ்வேளையில் சொல் குழம்பினால், ஒருவரது பார்வை தவறிப்போகும். ‘விழி முன்படலம்’ என்று இருக்குமிடத்தால் பெயரிட்டால் குழப்பமில்லை.

நல்ல சொற்களும் இல்லாமலில்லை. நடுச்செவியின் சிற்றெலும்புகள் மூன்றும் சுத்தி, பட்டடை, அங்கவடி எனப் பெயர் பெற்றுள்ளன. முதலிரண்டும் கொல்லுப்பட்டறையில் கண்டவை. சொன்னதும் வடிவம் மனத்தில் நிற்கிறது. அங்கவடி மட்டும், குதிரைச் சேணம் அறியாத மாணவனுக்கு ஒரு படத்தை வேண்டி நிற்கிறது.

சொல் இலக்கணப்படி சரியா என்று பார்ப்பது முதற் சோதனைதான். முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு தாயிடம் அதைச் சொல்லி, “உங்களுக்கு என்ன விளங்கிற்று?” என்று கேட்பதே முடிவான சோதனை.