சம்பளத்தோடு சேவை

பாஸ்டன் நகரில் இளைஞர்களைத் திரட்டிச் சமூக சேவையில் ஈடுபடுத்திவந்த ‘சிட்டி இயர்’ என்னும் சங்கத்தார், 1989ஆம் ஆண்டில், நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து டிம்பர்லேண்ட் கம்பெனியிடம் 50 ஜோடி பூட்ஸ் கேட்டார்கள், கிடைத்தது. அத்துடன் முடிந்துபோயிருக்கக்கூடிய அந்தச் சம்பந்தம், கம்பெனி ஸ்தாபகரின் பேரரான ஜெஃப்ரி ஸ்வார்ட்ஸ் அவ்விளைஞர்களோடு தாமே போய்ச் சில மணி நேரம் வேலை செய்ததன் பயனாக வளர்ந்து, சிப்பந்திகள் ஆண்டுக்கு 16 மணி நேரம் சம்பளத்துடனேயே பொதுத் தொண்டு செய்யலாம் என்ற ஏற்பாடாக 1992இல் உருவெடுத்து, பிற்பாடு 40 மணி நேரமாக விரிந்தது.

இதில் நான் பெரிதும் மதிப்பது, கம்பெனி தன் சொந்த நேரத்தைக் கொடுத்தது என்பதைத்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து சேவை செய்யுங்கள் என்று சிப்பந்திகளை அழைக்கும் முதலாளி, உழைத்துக் களைத்தவனின் ஓய்வை எடுத்துத் தன் பெயரில் தர்மம் செய்கிறார். சம்பள நேரத்தை விட்டுக்கொடுப்பவரோ உண்மையிலேயே ஒன்றை இழக்கிறார். 1995இல் நஷ்டம் கண்டு ஆட்குறைப்புச் செய்ய நேர்ந்தபோதும் டிம்பர்லேண்ட் சேவையைக் கைவிடவில்லை. வேலை இழந்தவர்களின் குடும்பங்களுக்கு அது கசப்பாகவே இருந்திருக்கும். அந்தக் கசப்பை நியாயமற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்திய மூன்றாண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சிப்பந்திகள் செய்யும் தொண்டுக்கு விலை போட்டு அந்தச் செலவில் சேர்க்கக் கூடாது என்று அரசாங்கம் விளக்கியிருப்பது நல்லதே. ஆயினும் மணிக்கணக்கை ஆண்டறிக்கையில் பெருக்கிக் காட்டும் ஆசை அதனால் ஒழிந்துவிடவில்லை.

அந்த ஆசையின் விளைவை நான் அறிந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் பிரத்தியட்சமாகக் கண்டேன். சுவருக்கு வர்ணம் பூச ஒரு கம்பெனியார் வருவதாக ஏற்பாடு. முதல் நாளே ஆயாக்கள் கட்டில்களையும் பெட்டிகளையும் முற்றத்துக்கு இழுத்துப்போட்டார்கள். மறுநாள் வந்தவர்களுக்குக் குடிநீரும் டீயும் இல்லத்தின் செலவு. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய குழந்தைகள் போட்டோவுக்காக வரிசையில் நின்றார்கள். பழைய பூச்சைச் சுரண்டாமல், ப்ரைமர் அடிக்காமல், ஒரே பூச்சாக இழுத்துவிட்டு மாலை நான்கு மணிக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். மழைக்காலத்தில் அது செதில் செதிலாக உதிர்ந்தது. அதே சுவருக்கு அப்புறம் வேறொரு கம்பெனி வந்தது. வந்தவர்கள் நல்லவர்கள், குழந்தைகளிடம் உண்மையான பரிவு காட்டினார்கள். ஆனால் நன்கொடையும் அவர்களோடு சேர்ந்தே வருகிறபடியால், வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் நிர்வாகிக்கு இல்லை. அங்கே உண்மையில் தேவைப்பட்டவை, வாரந்தோறும் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும், வரவு செலவுப் புத்தகங்களைச் சீர்செய்ய ஒரு குமாஸ்தாவுந்தான். இரண்டு திறமையும் அன்று பிரஷ் பிடித்தவர்களிடையே தாராளமாக இருந்தன.

ஆகவே இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதல்ல என் அபிப்பிராயம். நாளையும் வேலையையும் இல்லத்தார் நிர்ணயிக்கட்டும். நூறு பேர் ஒரு நாள் வருவதைவிட இரண்டு பேர் ஓராண்டு முழுவதும் ஒரே இல்லத்துக்குப் போய்வரட்டும். வரவில்லை என்ற குறிப்பு யாருடைய பதவி உயர்வுக் காகிதத்திலும் ஏறாதிருக்கட்டும். சேவையை மறுத்தாலும் நன்கொடை நிற்காது என்பதைக் கம்பெனியார் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடட்டும்.