'வேர்கள்': வாய்மொழியும் பதிவேடும்

அலெக்ஸ் ஹேலி 1976இல் எழுதிய 'வேர்கள்', 1767இல் அமெரிக்காவில் அடிமையாக இறக்கப்பட்ட காம்பிய முஸ்லிம் குண்டா கிண்டேயைத் தன் மூதாதை என்கிறது. அவருக்கு இட்ட 'டோபி' என்ற பெயர் அதற்கு முன்பே பண்ணையார் பதிவுகளில் இருப்பதை ஆய்வாளர்கள் 1981இல் காட்டினார்கள். நாவல் என்று மட்டும் போட்டிருந்தால் பேச்சே இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. குண்டாவின் தொழுகை மகள் கிஸ்ஸிக்குப் போய்ச் சேரவில்லை. 'கோ', 'கம்பி போலோங்கோ' என்று சில சொற்கள்தான் தலைமுறை தாண்டுது. அந்த இழப்பில் ஹேலி போதிய அளவு நிற்கவில்லை.

தலவாக்கலையில் இருந்து வாசித்தால் இன்னொன்றும் தெரியும். 1948 குடியுரிமைச் சட்டம், தகப்பன் அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்துத் தமிழருக்கும் கடைத்தெருக் கரையோரச் சோனகருக்கும் ஒரே கேள்விதான். ஹேலியின் பாட்டி சொன்ன மாதிரி, இங்கே இஸ்தோப்பில் கேட்ட ஊர்ப்பேர்தான் கையில் இருந்தது. அதைச் சான்றாக எடுக்க எந்தக் கந்தோரும் இருக்கவில்லை.